‘அந்த வலுசர்ப்பம், புற்றுநோய்’: ஒரு வீடியோ விளையாட்டின் இறையியல் திறனாய்வு

நூலையும் நாடகத்தையும் திரைப்படத்தையும் இறையியல் நோக்கில் ஆராய்வது திருச்சபைக்குப் புதிதன்று. ஆனால் வீடியோ விளையாட்டு ஒன்றைக் கலைப்படைப்பாகக் கொண்டு திறனாய்வு செய்ய முற்படுவது நம் வாசகருள் சிலருக்கு வியப்பைத் தரலாம். அவ்விளையாட்டுகளைக் குறித்து அருளுரை மேடைகளில் ஒலிப்பவை பெரும்பாலும் எச்சரிக்கைகளே. அவை காலத்தை வீணாக்குகின்றன, வன்முறையைப் பழக்குகின்றன, பிள்ளைகளைத் தனிமைப்படுத்துகின்றன என்கிறோம். இவ்வெச்சரிக்கைகள் அடிப்படையற்றவை என்று நாம் கூறவில்லை. எனினும், ஒன்றை மிகையாகவும் தவறாகவும் பயன்படுத்துவதைப் பற்றிய எச்சரிக்கை வேறு; அது எத்தகைய பொருளை உணர்த்தவல்லது என்னும் வினா வேறு. இவ்விரண்டாம் வினாவையே இங்கு ஆராய விழைகிறோம்.

அதற்கென நாம் தெரிந்துகொண்ட படைப்பு, 2016ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் நாள் வெளிவந்த ‘தட் டிராகன், கேன்சர்’ என்னும் அமெரிக்க விளையாட்டாகும். ‘அந்த வலுசர்ப்பம், புற்றுநோய்’ என அதன் பெயரைத் தமிழில் தரலாம். திருவெளிப்பாட்டின் 12ஆம் அதிகாரத்தை அறிந்தவர்க்கு அச்சொல்லின் கனம் விளங்கும். கிறிஸ்தவப் பெற்றோர் இருவர் தம் குழந்தையின் நோயையும் சாவையும் பற்றி எடுத்துரைத்த கதை இது. ஆட்டக்காரர் எவ்வளவு முயன்றும் முடிவை மாற்ற இயலாத ஓர் ஆட்டம், ஆட்டம் எனும் பெயருக்கு உரியதுதானா? உரியதெனில், அது நமக்கு எதைக் கற்பிக்கிறது? இவ்விரு வினாக்களும் கலைக்கு மட்டும் உரியன அல்ல; நோயாளியின் படுக்கையருகே நிற்கும் ஒவ்வொரு ஆயரின் ஊழியத்தையும் தொடுவன.

1. பொழுதுபோக்கும் பொருளும்

வீடியோ விளையாட்டு தோன்றிய காலத்தில் அதனிடம் கதையை எவரும் எதிர்பார்க்கவில்லை. 1972இல் அட்டாரி நிறுவனம் வெளியிட்ட ‘பாங்’ ஆட்டத்தில் இரு கோடுகளும் ஒரு புள்ளியுமே இருந்தன. 1978இல் ஜப்பானிலிருந்து வந்த ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ ஆட்டத்தில், விண்ணிலிருந்து இறங்கும் பகைவர் அணி அணியாய் வந்துகொண்டே இருந்தனர். அவர்களை முற்றிலும் வென்று முடிக்கும் வழி அதில் இல்லை. தோல்வியைத் தள்ளிப்போடுவதே ஆட்டமாக இருந்தது. நாணயம் இட்டு ஆடும் கடைகளில் அது நல்ல வாணிபமாயிற்று. பின்வந்த ஆண்டுகளில் கதைமாந்தரும் உரையாடலும் இசையும் சேர, இவ்விளையாட்டுகள் நாவலையும் திரைப்படத்தையும் போல நீண்ட கதைகளைச் சொல்லத் தொடங்கின.

இதனைக் கலையென ஏற்கலாமா என்னும் வாதத்தில் குறிப்பிடத்தக்கவர் அமெரிக்கத் திரைப்படத் திறனாய்வாளர் ரோஜர் ஈபர்ட். நல்ல நாவலும் நல்ல திரைப்படமும் ஆசிரியரின் கட்டுப்பாட்டில் ஒரு முடிவை நோக்கி நம்மை இட்டுச்செல்கின்றன. விளையாட்டோ ஆட்டக்காரரின் தெரிவுகளுக்கு இடங்கொடுப்பதால் அக்கட்டுப்பாட்டை இழந்துவிடுகிறது என்பது அவர் வாதத்தின் சாரம். வீடியோ விளையாட்டு ஒருபோதும் கலையாகாது என்று 2010இல் அவர் எழுதியது பெரும் விவாதத்தை எழுப்பியது. அவ்விளையாட்டுகளை ஆடிப் பார்க்காமல் அவ்வாறு கூறியிருக்கலாகாது என அவரே சில மாதங்களில் ஒப்புக்கொண்டார். 2011ஆம் ஆண்டு ஜூன் 27ஆம் நாள் அமெரிக்க உச்சநீதிமன்றம் வேறு வழியில் இதே வினாவை எதிர்கொண்டது. வன்முறை விளையாட்டுகளைச் சிறார்க்கு விற்பதைத் தடைசெய்த கலிபோர்னியச் சட்டத்தை அது 7க்கு 2 என்னும் பெரும்பான்மையால் செல்லாததாக்கியது. நூல்களும் நாடகங்களும் கருத்துகளைத் தெரிவிப்பதுபோன்றே வீடியோ விளையாட்டுகளும் தெரிவிக்கின்றன என்று தீர்ப்பு கூறிற்று.

நீதிமன்றம் தந்தது உரிமை மட்டுமே. ஒரு படைப்புக்குப் பொருள் உண்டா என்பதைச் சட்டம் தீர்மானிப்பதில்லை. ஈபர்ட் எழுப்பிய வாதத்துக்கு விடை வேண்டுமாயின், தெரிவு செய்யும் ஆட்டக்காரரின் கையையே பொருளுக்குக் கருவியாக்கிய ஒரு படைப்பை நாம் காட்டவேண்டும். நாம் எடுத்துக்கொண்ட படைப்பு அத்தகையது.

2. ஜோயலின் கதை

ரையன் கிரீன், ஏமி கிரீன் என்பவர்கள் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் வாழ்ந்த கணவன் மனைவியர். அவர்கள் மகன் ஜோயலுக்கு ஏறத்தாழ ஒரு வயது நிரம்பியபோது மூளையில் கொடிய புற்றுக்கட்டி இருப்பது கண்டறியப்பட்டது. அவன் நெடுநாள் வாழான் என்று மருத்துவர்கள் கருதினர். ஆயினும் சிகிச்சையும் மன்றாட்டுமாக அவன் மேலும் 4 ஆண்டுகள் வாழ்ந்து, 2014ஆம் ஆண்டு மார்ச் மாதம், 5ஆம் வயதில் காலமானான். அவன் உயிரோடிருந்த காலத்திலேயே ரையன், ஜோஷ் லார்சன் என்னும் தோழருடன் சேர்ந்து இவ்விளையாட்டை உருவாக்கத் தொடங்கியிருந்தார். நோயோடு வாழும் பிள்ளையின் கதையாகத் தொடங்கியது, இடையிலே சாவின் கதையாக மாறிற்று. 2014இன் இறுதியில் பொதுமக்கள் அளித்த ஒரு லட்சம் டாலருக்கு மேற்பட்ட நன்கொடை பணியை நிறைவேற்றத் துணைசெய்தது. இதன் உருவாக்கத்தை ‘தேங்க் யூ ஃபார் பிளேயிங்’ என்னும் 2015ஆம் ஆண்டு ஆவணப்படம் பதிவுசெய்துள்ளது.

ஏறத்தாழ 2 மணி நேரத்தில் ஆடி முடிக்கத்தக்க இவ்விளையாட்டு, தனித்தனிக் காட்சிகளாக அமைந்துள்ளது. மாந்தரின் முகங்களில் கண்ணும் வாயும் வரையப்படவில்லை. ஆனால் நாம் கேட்கும் குரல்கள் அப்பெற்றோரின் சொந்தக் குரல்கள், நாம் கேட்கும் சிரிப்பு ஜோயலின் சிரிப்பு. முகமில்லாத உருவமும் உண்மையான குரலும் சேர்ந்து ஒரு விந்தையைச் செய்கின்றன. அக்குழந்தை ஒரு குடும்பத்தின் குழந்தையாக இருந்துகொண்டே, ஆடுவோர் ஒவ்வொருவரும் இழந்த ஒருவரின் முகத்தையும் ஏற்கிறான்.

காட்சிகள் சிலவற்றைச் சுட்டுவோம். தொடக்கத்தில் ஜோயல் நீர்நிலையில் வாத்துக்கு ரொட்டி போடுகிறான். பின்னர் மருத்துவமனையின் நடைகளில் வண்டியோட்டப் பந்தயம் நடக்கிறது. ஆட்டக்காரர் தம்மையறியாமல் சிரிக்கிறார். மருத்துவர்கள் இனி நம்பிக்கையில்லை என்று அறிவிக்கும் அறையில், குழந்தைகள் சுழற்றும் பொம்மை ஒன்று நம் கையில் தரப்படுகிறது. அதன் முள் யார்மீது நிற்கிறதோ அவர் மனத்துள் ஓடும் எண்ணத்தை நாம் கேட்கிறோம். அதற்குள் அறை நீரால் நிரம்புகிறது. பின்னொரு காட்சியில் ஏமி படகில் இருக்க, ரையன் கடலின் அடியில் அமிழ்ந்துகொண்டிருக்கிறார். மகன் குணமடைவான் என்னும் மனைவியின் உறுதியும், அவ்வுறுதியைப் பற்றிக்கொள்ள இயலாத கணவனின் இருளும் ஒரே கடலில் வைத்துக் காட்டப்படுகின்றன. ஒரே வீட்டில் ஒரே விசுவாச அறிக்கையைச் சொல்லும் இருவர் ஒரே துன்பத்தை இருவேறு விதமாய்ச் சுமப்பதை இத்துணை நேர்மையாகக் காட்டும் படைப்புகள் அரியன.

3. கைகளின் விசுவாச அறிக்கை

இப்படைப்பின் இதயம் என நாம் கருதுவது மருத்துவமனை இரவொன்றைக் காட்டும் பகுதியாகும். உடலில் நீர் வற்றிய ஜோயல் இடைவிடாது அழுகிறான், குடித்ததை வாந்தியெடுக்கிறான். தந்தையின் இடத்தில் ஆட்டக்காரர் நிற்கிறார். அறையில் இருப்பவற்றையெல்லாம் தொட்டுப் பார்க்கிறார், பழச்சாறு கொடுக்கிறார், குழந்தையைத் தேற்ற முயல்கிறார். எதுவும் பயன்படவில்லை. அழுகை மட்டும் தொடர்கிறது. இறுதியில் தந்தை மன்றாடுகிறார், அழுகை ஓய்கிறது.

வழக்கமான வீடியோ விளையாட்டு நம் கைகளுக்கு ஒரு விசுவாச அறிக்கையைப் பழக்கி வைத்திருக்கிறது. முயன்றால் வெல்லலாம், தோற்றால் விட்ட இடத்திலிருந்து மீண்டும் தொடங்கலாம், சாவு சில நொடித் தடைதான், பூட்டிய கதவு ஒவ்வொன்றுக்கும் எங்கோ ஒரு சாவி மறைந்திருக்கிறது. இதனை எவரும் வாயால் அறிக்கையிடுவதில்லை, விரல்கள் அறிக்கையிடுகின்றன. மேற்கண்ட காட்சி அவ்வறிக்கையை விரல்களிலேயே உடைக்கிறது. அறையில் சாவி இருக்கும் எனப் பழக்கத்தால் தேடும் ஆட்டக்காரர், சாவி இல்லையென்பதைத் தம் கைகளால் அறிகிறார். நாவல் இந்த இயலாமையை விவரிக்கலாம்; திரைப்படம் காட்டலாம். ஆனால் முயலும் கை தளர்ந்து நிற்பதை, முயலும் உரிமையை நமக்குத் தந்த ஒரு வடிவமே இவ்விதமாய் உணர்த்தவல்லது. ஆட்டக்காரரின் தெரிவு ஆசிரியரின் நோக்கத்தைச் சிதைக்கும் என்றார் ஈபர்ட். இங்கோ, பயன்படாத தெரிவுகளே ஆசிரியரின் நோக்கமாக நிற்கின்றன.

நம் சபைகளிலும் அதே கைகளின் அறிக்கை வழங்குவதை நாம் மறைக்கலாகாது. இத்தனை நாள் உபவாசம், இத்தனை பேர் மன்றாட்டு, இத்துணை விசுவாசம், ஆகவே சுகம் என்று கணக்கிடும் போதனையில் மன்றாட்டு ஒரு பொத்தானாகிறது. விசுவாசம் சேர்த்துவைக்கும் புள்ளியாகிறது. குழந்தையைப் புதைத்துத் திரும்பும் பெற்றோரிடம் அப்போதனை சொல்லாமல் சொல்வது, உங்கள் புள்ளிகள் போதவில்லை என்பதே. இதைவிடக் கொடிய சொல் வேறென்ன இருக்க முடியும்?

ஒரு தடையை இங்கே எழுப்பலாம். அவ்விரவில் மன்றாட்டுக்குப் பின் அழுகை ஓய்ந்ததே, அது மன்றாட்டைப் பொத்தானாக்கவில்லையா? அக்காட்சியோடு படைப்பு முடிந்திருப்பின் இத்தடை நிலைத்திருக்கும். ஆனால் பின்னர் வரும் ஆலயக் காட்சியில் மன்றாட்டுக் குரல்கள் பல எழுகின்றன, ஜோயல் பிழைக்கவில்லை. ஒரு நாள் கேட்கப்பட்ட மன்றாட்டும், கேட்டபடி அருளப்படாத மன்றாட்டும் ஒரே கதையில் அருகருகே வைக்கப்பட்டுள்ளன. முன்னதைப் பொய்யென்று தள்ளவும் இல்லை. பின்னதற்குச் சமாதானம் கற்பிக்கவும் இல்லை.

4. திருமறையின் புலம்பலும் விளையாட்டும்

திருமறையை அறிந்தவர்க்கு இவ்வடிவம் அந்நியமானதன்று. தாவீது நோயுற்ற தன் குழந்தைக்காக உபவாசித்துத் தரையிலே கிடந்தான், ஏழாம் நாளில் பிள்ளை இறந்தது (2 சாமு. 12:15-23). ஆசிரியர் அங்கே தாவீதின் மன்றாட்டில் குறை கூறவில்லை. 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது. அதன் இறுதியில் நன்றியறிதலின் வரி ஒன்றைச் சேர்க்க எவரும் துணியவில்லை. யோபின் நண்பர்கள் ஏழு நாள் வாய்திறவாமல் உடன் உட்கார்ந்திருந்தபோது நல்ல ஆயராயிருந்தனர் (யோபு 2:13); விளக்கம் கூறத் தொடங்கியபின் கடவுளின் கண்டனத்துக்கு உள்ளாயினர் (42:7). கெத்செமனேயில் ஆண்டவர் கேட்ட பாத்திரம் அகற்றப்படவில்லை. புலம்பல் என்பது முடிவை மாற்றும் உத்தியன்று. முடிவு மாறாத இடத்திலும் கடவுளை விட்டு விலகாமல் அவரோடு வழக்காடும் உறவாகும். கிரீன் தம்பதியர் செய்திருப்பது அத்தகைய ஒரு புலம்பல் எனத் தயங்காமல் கூறுவோம்.

ஆனால் புலம்பலுக்கு விளையாட்டு தக்க கலமாகுமா? ஹுய்சிங்கா 1938இல் வெளியிட்ட ‘ஹோமோ லூடென்ஸ்’ என்னும் நூலில், விளையாட்டு அன்றாட வாழ்வினின்று வரையறுத்துப் பிரிக்கப்பட்ட இடத்திலும் காலத்திலும் தன்விருப்பாய் நிகழ்வதெனினும், முழு ஈடுபாட்டோடு ஆடப்படுவது எனக் காட்டினார். வழிபாட்டையும் அவர் அதனோடு ஒப்பிட்டார். தாமஸ் அக்குவினாஸ், உடலுக்கு ஓய்வு வேண்டுவதுபோல் உள்ளத்துக்கும் ஓய்வு வேண்டும் என்று கூறி, அளவறிந்து விளையாடுவதை நற்பண்புகளுள் சேர்த்தார். அரிஸ்டாட்டில் ‘யூத்ரபெலியா’ என்று அழைத்த பண்பு அது. அதே கிரேக்கச் சொல் எபேசியர் 5:4இல் தகாத பேச்சைச் சுட்ட ஆளப்பட்டுள்ளது என்பதைக் கிரேக்கம் பயிலும் மாணாக்கர் கருதவேண்டும். ஒரே சொல் நற்பண்பையும் இழுக்கையும் குறிக்கவல்லதெனில், விளையாட்டைப் பற்றிய தீர்ப்பு அதன் பெயரால் அன்று, அதன் இயல்பால் அமையவேண்டும். யுர்கன் மோல்ட்மன் 1970களின் தொடக்கத்தில் விளையாட்டின் இறையியலை எழுதியபோது, படைப்பு கடவுளின் தேவையினால் அன்று, அவரது கட்டற்ற மகிழ்வினால் விளைந்தது என்று வலியுறுத்தினார்.

தமிழ் மரபும் இவ்வெண்ணத்தை அறியும். கம்பர் தம் காப்பியத்தின் கடவுள் வாழ்த்தில், படைப்பதும் காப்பதும் அழிப்பதும் இறைவனுக்கு விளையாட்டு என்றே பாடுகிறார். ஆயினும் புற்றுநோயால் துடிக்கும் குழந்தையின் அருகே நின்று, இதுவும் இறைவனின் விளையாட்டே எனக் கூற நம்மால் இயலாது. சிலுவையைச் சந்தித்த விசுவாசம் அவ்வாறு கூறத் துணியாது. இப்படைப்பும் அவ்வாறு கூறவில்லை. இங்கு நோய் விளையாட்டன்று. நோயின் நடுவே குழந்தை ஆடுவதே விளையாட்டு. மருத்துவமனை நடையில் ஓடும் வண்டிப் பந்தயம் துன்பத்தை மறைக்கும் திரையன்று. சாவு அக்குழந்தையின் நாட்களை முழுவதும் தனதாக்கிக்கொள்ள முடியவில்லை என்பதற்கு அது சாட்சி. பொழுதுபோக்கு ஒருபுறம், ஆழ்ந்த பொருள் மறுபுறம் என நாம் வகுத்துவைத்த பாகுபாடு இங்கு தகர்கிறது. அச்சிரிப்பு இல்லையெனில் அவ்வழுகைக்குப் பொருள் குறைந்திருக்கும்.

5. படைப்பின் குறைகள்

போற்றுவதோடு திறனாய்வு முடிவதில்லை. முதலாவது குறை வடிவைச் சார்ந்தது. எல்லாக் காட்சிகளிலும் ஆட்டக்காரரின் கைக்கு இத்தகைய பணி இல்லை. சில இடங்களில் அவர் ஒன்றைத் தொட்டால் அடுத்த குரல் ஒலிக்கிறது, அவ்வளவே. அங்கு விளையாட்டு, பக்கத்தைப் புரட்டும் வேலையாகிவிடுகிறது. இக்குறைக்கு ஒரு வெளிச்சான்றும் உண்டு. ஆட்டம் வெளிவந்த சில வாரங்களில், பலர் அதனை வாங்கி ஆடாமல், பிறர் ஆடியதன் ஒளிப்பதிவை இணையத்தில் முழுவதும் பார்த்து மனநிறைவு கொண்டனர் என்றும், விற்பனை அதனால் பாதிக்கப்பட்டது என்றும் ரையன் கிரீன் 2016இல் எழுதினார். பார்த்தாலே போதும் எனப் பலருக்குத் தோன்றியதற்கு அவர்களது சிக்கனம் மட்டும் காரணமன்று. படைப்பின் சில பகுதிகள் உண்மையிலேயே பார்ப்பதற்கு மட்டும் அமைந்தவை. மருத்துவமனை இரவுக் காட்சியை அவ்வாறு சொல்ல முடியாது. அதைப் பார்ப்பவர் இரங்குகிறார். ஆடுபவர் இயலாமையை அறிகிறார்.

இரண்டாவது குறை இறையியலைச் சார்ந்தது. இறுதிக் காட்சியில், ஒரு தீவிலே, ஜோயல் தான் விரும்பிய தோசை போன்ற இனிப்பு அடைகளின் குவியலோடும் ஒரு நாயோடும் மகிழ்ந்திருக்கிறான். பேச்சு வளராதிருந்த பிள்ளை அங்கே பேசுகிறான். மறுமையின் நம்பிக்கை கிறிஸ்தவர்க்கு உரியது. அதைக் காட்டியதில் பிழையில்லை. ஆலய மன்றாட்டுக்கும் தீவின் மகிழ்ச்சிக்கும் இடையே நாம் கடக்கும் தொலைவு குறுகியது என்பதே நம் குறை. வெள்ளிக்கும் ஞாயிறுக்கும் நடுவே ஒரு சனிக்கிழமை உண்டு. அந்நாளின் மௌனத்தில் ஆட்டக்காரரை இன்னும் சற்று நேரம் நிறுத்தியிருக்கலாம். விசுவாசமற்ற வாசகர் சிலருக்கு இம்முடிவு அவசரத் தேறுதலாகத் தோன்றுமாயின் அவர்களை நாம் குறைகூற இயலாது.

ஆயினும் இதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு. அத்தீவில் வெல்வதற்கு எதுவும் இல்லை. எண்ணுவதற்குப் புள்ளிகள் இல்லை. சகரியா தீர்க்கர் எருசலேமின் மீட்பைக் காட்ட விழைந்தபோது, வீதிகளில் விளையாடும் சிறுவர் சிறுமியரையே காட்டினார் (சகரியா 8:5). வெற்றிக்காக ஆடாத ஆட்டமே அரசாட்சியின் அடையாளம் என்னும் அவ்வுண்மையை, வெற்றிக்காகவே பிறந்த ஒரு கலைவடிவின் கடைசிக் காட்சியில் காண்பது சிறிய பேறன்று.

6. திருப்பணியாளருக்கு

இவ்விளையாட்டு 2016இல் ‘தி கேம் அவார்ட்ஸ்’ விழாவில் சமுதாயத் தாக்கத்துக்கான விருதையும், 2017இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பின் புதுமைக்கான விருதையும் பெற்றது. கடவுளை நம்பாத பலரும் இதனை ஆடினர். கிறிஸ்தவ மன்றாட்டை அதன் ஐயத்தோடும் கண்ணீரோடும் செவிமடுத்தனர். பிரசங்க மேடை சென்றடையாத செவிகள் அவை. மருத்துவமனைக் காட்சி ஒன்றில், புற்றுநோயால் அன்பரை இழந்த ஆதரவாளர்கள் அனுப்பிய வாழ்த்து அட்டைகள் எங்கும் வைக்கப்பட்டுள்ளன. ஆட்டக்காரர் விரும்பினால் ஒவ்வொன்றாய் நின்று வாசிக்கலாம், விரும்பாவிடில் கடந்து செல்லலாம். நின்று வாசிப்பதற்குப் பரிசு ஏதுமில்லை. ஆயினும் பலர் நிற்பர். பயன் கருதாது பிறர் துயரின் முன் நிற்பதையே திருச்சபை ஆயர்ப்பணி என்று அழைக்கிறது.

ஆகவே நம் மாணாக்கருக்கு ஒன்றைப் பரிந்துரைக்கிறோம். இளைஞர் கையிலுள்ள கருவியைக் கண்டவுடன் எச்சரிக்கை கூறுவதற்குமுன், அவர்கள் ஆடும் கதை அவர்களின் கைகளுக்கு எந்த விசுவாச அறிக்கையைப் பழக்குகிறது எனக் கேட்டறியுங்கள். பல கதைகள் ஆற்றலையும் வெற்றியையும் மட்டுமே பழக்கும்; அவற்றைப் பெயர்சொல்லிக் கண்டியுங்கள். சில கதைகள் வேறொன்றைக் கற்பிக்கும், அவற்றை மதியுங்கள். பின்னர், மருத்துவமனையில் ஒரு குழந்தையின் கட்டிலருகே நிற்க நேரும்போது, சாவி தேடும் பழக்கத்தை வாயிலிலேயே விட்டுச் செல்லுங்கள். அப்பெற்றோர் நம்மிடம் எதிர்பார்ப்பது முடிவை மாற்றும் வல்லமையன்று. முடிவு மாறாதபோதும் எழுந்து போகாத ஒரு துணையை.